அஞ்சலை அக்கா துடைத்த எழுத்துகள்

அஞ்சலை அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்தது. நெய்வேலியில் நான் வேலை பார்க்கும் போர்டு கடைக்கு அவர் மகன் போட்டோவை அனுப்பியிருந்தான். கண்ணீர் அஞ்சலி பேனர், ஆறுக்கு நாலு, மதியத்துக்குள் வேண்டும். மாரடைப்பாம். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது.

புதுச்சேரியில் நடந்த நம் எழுத்துரு ஆர்வலர் கூட்டத்தில் நான் பேசியபோது கைதட்டினீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கைதட்டல் எனக்குரியது அல்ல.

அக்காவுக்குக் கம்மாபுரம் பக்கம் ஊர். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை: எச்சரிக்கை போர்டுகளில் படியும் தூசியைத் துடைப்பது. மகனின் சான்றிதழை லேமினேட் செய்யக் கடைக்கு வந்தவர், மைன்ஸ் போர்டுகளுக்காக நான் வெட்டி மேஜையில் வைத்திருந்த அக்ரிலிக் எழுத்துகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதெல்லாம் நீ வெட்டறதாப்பா?"

"ஆமாக்கா. டிசைனும் நான்தான்."

"அப்ப நீதானா அந்தப் பாவி! ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி குச்சியில துணிய சுத்தி நோண்டிகினு கெடக்கறேன். தூரத்துலேர்ந்து பாத்தா ஒரு எழுத்தும் தெரியல."

டிப்ளமோவைப் பாதியில் விட்டவன் நான். எழுத்து ஒன்றாவது நமக்குத் தெரியும் என்ற திமிர் இருந்தது. "தூசி படிஞ்சா எழுத்து என்னக்கா பண்ணும்?" என்றேன்.

அவர் ஓர் எழுத்தை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். "தோ பாரு, அடிக்கோடு பலக மாதிரி நீட்டிகினு இருக்குது. தூசி வந்து குந்திக்குது. முன்னால சரிச்சு வெட்டேன். கூரைய சரிச்சுதான போடறோம்?"

அந்தத் தடவை மைன்ஸுக்குப் போன எழுத்துகளை எல்லாம் அரத்தால் சரித்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ரோட்டிலிருந்தே கத்தினார்: "டேய், எனக்கு வேலையே இல்லாம பண்ணிட்டடா!"

கூட்டத்துக்கு அழைப்பு வந்ததும், "நீங்களே வந்து சொல்லுங்கக்கா" என்றேன். உடனே லீவு சொல்லிவிட்டார். "மைக்குல பேசணுமா? அய்யய்ய, எந்தப் பொடவ கட்டிகினு வர்றது?" என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். முந்தின நாள் போன் செய்து, கூட்டம் தள்ளிப்போய்விட்டது என்றேன். பொய். காலேஜில் டிசைன் படித்தவர்கள் முன்னால், என் ஒரே கண்டுபிடிப்பு போர்டு துடைக்கும் அக்காவுடையது என்று தெரிய வேண்டாம் என நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மேடையில் அந்தச் சரிவை என் யோசனை என்றே சொன்னேன். போதாக்குறைக்கு நானாக ஒன்று சேர்த்தேன். சுழி உள்ள ண, ஞ போன்றவைதான் முதலில் அடைபடும் என்றேன். பார்த்துச் சொன்னதல்ல, அழகாக இருந்ததால் சொன்னது. சிலர் குறித்துக்கொண்டீர்கள்.

யாரோ வீடியோ போட்டார்கள். அது அக்கா வரைக்கும் போய்விட்டது. சண்டைக்கு வருவார் என்று இரண்டு நாள் கடைக்கே போகாமல் இருந்தேன். வரவில்லை. ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"தம்பி, வீடியோ பாத்தேன். நல்லாதான் பேசன. ஆனா ண, ஞ இல்லடா. மொதல்ல அடைச்சிக்கறது ப. மேல தொறந்துகினு கெடக்குது பாரு, நேரா உள்ள வுழுது. பாதுகாப்புன்னு இருந்தா மூணு எடத்துல நோண்டுவேன். அடுத்த வாட்டி சரியா சொல்லிடு."

கூட்டம் எப்போது நடந்தது என்று அவர் கேட்கவேயில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று நாலு மாதம் தள்ளினேன். ஒரு பஸ் ஏறினால் போதும், போய்விடலாம்.

இப்போது என்னிடம் இருப்பது அந்த வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான். அவர் சொன்ன அடுத்த வாட்டி இதுதான். குறித்துக்கொண்டவர்கள் அடித்துவிட்டு எழுதுங்கள்: முதலில் அடைபடுவது ப. கண்டுபிடித்தவர் அஞ்சலை.