அப்பா திருடாத சைக்கிள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அதில் லண்டன் அக்காவுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பாவின் சிநேகிதருடைய மகள் அவர். பாரிஸ்டர் பயிற்சியில் இருந்தபோது, ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டில் சில நாள் தங்கினார்.

அப்போது நான் சிறுபிள்ளை; அப்பாவுக்கு வேலை போயிருந்தது. உணவகத்தின் குளிர் அறையைப் பூட்டாமல் விட்டு இறைச்சியைப் பழுதாக்கினார் என்று முதலாளி நிறுத்திவிட்டார். அப்பா பூட்டிவிட்டுத்தான் வந்தார். ஆனால் முதலாளி கேட்டபோது ஆமென்று தலையாட்டியிருந்தார். யார் கேட்டாலும் மறுத்துப் பேச அவருக்கு வராது. தொழில் நீதிமன்றத்தில் விசாரணை அந்த வாரம்தான்.

"பிள்ளை, அங்கை நான் என்ன சொல்லவேணும்?"

"ஏலாது மாமா. நாங்கள் சொல்லிக்குடுக்கக் கூடாது," என்றார் அக்கா.

புட்டு பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் முகம் சுருங்கியது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு விளையாட்டு விளையாடுவம், வாங்கோ. நேற்று ஸ்டேசனுக்குப் போனீங்கள்?"

"ஓம்."

"அங்கை என்ரை சைக்கிள் நிண்டது?"

"ஓம் பிள்ளை."

"அதைக் களவெடுத்தீங்கள்?"

அப்பா நெளிந்தார். "ஓம்…"

"இந்த மனுசன் ரயிலைக் களவெடுத்ததெண்டாலும் ஓம் எண்டுவார்," என்று அம்மா சிரித்துவிட்டார்.

அன்று மாலை அப்பா இன்னும் பலமுறை அந்தச் சைக்கிளைத் திருடினார். பக்கத்து வீட்டுப் பூனையையும் திருடினார். கடைசியில் ஒருவழியாக, "இல்லைப் பிள்ளை, நான் எடுக்கேல்லை" என்றார். நான் கைதட்டினேன்.

நீதிமன்றத்தில் முதலாளியின் வழக்கறிஞரும் அப்படித்தான் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டாராம். ஆம், ஆம் என்று வந்த அப்பா, குளிர் அறை என்றதும், "இல்லை, நான் பூட்டினேன்" என்றார். வேலை திரும்பக் கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

இப்போது நானும் லண்டனில் அதே பயிற்சியில் இருக்கிறேன். சாட்சி சொல்பவருக்கு அவருடைய வழக்கை ஒத்திகை பார்த்துக் கொடுப்பது இங்கே எங்கள் தொழிலில் பெரிய விதிமீறல். சம்பந்தமில்லாத ஒரு கதையை வைத்து, கேள்விக்குப் பதில் சொல்லும் விதத்தை மட்டும் பழக்கலாம். அந்த விதியைக் கேட்ட அன்று அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, இத்தனை காலம் கழித்து நன்றி சொன்னேன்.

சைக்கிள் விளையாட்டு நடந்த அந்த வாரமோ, அக்காவை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது அப்பா இரக்கத்தோடு சொன்னார்: "பாவம், நல்ல பிள்ளை. இன்னும் படிச்சு முடியேல்லைத்தானே, அதுதான் வழக்கைப் பற்றி ஒண்டும் தெரியேல்லை."

நானும் நம்பினேன். அக்காவுக்குச் சீக்கிரம் படிப்பு வரவேண்டுமென்று வீட்டுக்கு வந்து பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டேன்.