தோட்டத்துக் கோயிலின் படியில்

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு வியாழக்கிழமை மாலை, சூரிச்சில் லாங்ஸ்திராசெ தெருவில் இருந்த தமிழ்க்கடைக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. எங்கள் அறையில் தொலைபேசி இல்லை. ஊர்ச் சேதியெல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும். கொழும்பிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் கதைத்தார்.

"ஐயா மோசம் போயிட்டார். மூண்டு நாளாச்சு. எல்லாம் முடிஞ்சுது. தம்பிக்கு இப்ப சொல்லிப்போடாதை. செவ்வாய்க்கிழமை விசாரணை முடியட்டும்."

"ஓம்" என்றேன். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் அழவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது. தம்பி வந்து ஒரு வருடமாகியும் 'நான் திரும்பிப் போறன்' என்ற பேச்சை விடவில்லை. ஐயாவின் சாவு தெரிந்தால், அகதி விசாரணையிலும் அதையே சொல்லுவான். அதிகாரிகள் எழுதிக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவன் வயதுக்காரரைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது.

ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு ஜெர்மன் சொல்லித்தந்த வயதான ஆசிரியை தன் காரில் ஊஸ்டருக்கு அப்பால் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனார். பழைய காலத்துப் பணக்காரர் ஒருவர் இங்கிலாந்துத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து அமைத்ததாம். குளமும் புல்மேடும், தானாக முளைத்தவைபோல் நட்டுவைத்த மரங்களும் இருந்தன. மேட்டின் உச்சியில் தூண்களோடு சின்னக் கோயில் ஒன்று. இடிந்து கிடந்த கூரையைத் திருத்தி, வெள்ளை அடித்து, அந்த மாதந்தான் திறந்திருந்தார்கள். கோயில் இல்லாத ஊரில் நாங்கள் கஷ்டப்படுகிறோம் என்று நினைத்து, ஆசையோடுதான் கூட்டிவந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவர் சொல்வதில் பாதிதான் எனக்கு விளங்கும். மீதியைத் தம்பி சொன்னான்.

"அண்ணை, இதுக்குள்ள ஒருநாளும் பூசை நடக்கேல்லையாம். வடிவுக்குக் கட்டினதாம்."

புல்லில் இருந்து சாப்பிட்டோம். ஆசிரியை பன்றியிறைச்சி வைத்த பாண் தந்தார். நான் இறைச்சியை எடுத்துவிட்டு வெறும் பாணைத் தின்றேன்.

"என்ன, இண்டைக்கும் விரதமோ? தாடியும் வளருது. சாமியாராகப் போறீங்களோ?"

"பல்லு நோகுது."

"பல்லு நொந்தா தாடி வளருமோ?" தம்பி சிரித்தான். ஆசிரியைக்கும் அதை ஜெர்மனில் சொன்னான். அவரும் சிரித்தார். நானும் சிரித்ததாக நினைவு.

மேட்டில் ஏறினோம். தம்பி ஒரு தூணில் தட்டிப் பார்த்தான். டொக் டொக் என்றது.

"அண்ணை, இது கல்லில்லை. பலகை. உள்ளுக்கு வெறுங்கோது."

ஆசிரியை உள்ளே போய் எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நடுவில் வெள்ளையாக ஒரு பெண்சிலை நின்றது. தம்பி படியில் குந்தி சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான்.

"உதேன் கழட்டிறாய்?"

"ஆரோ ஒரு அம்மன்தானே. செவ்வாய்க்கிழமை நல்லபடியா முடியட்டும் எண்டு ஒருக்காக் கும்பிட்டிட்டு வாறன். நீங்களும் வாங்கோ."

ஒரு சப்பாத்து கழன்றுவிட்டது. எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலையும் மிதிக்கமாட்டோம். அது கோயிலே இல்லை, பலகையில் செய்த அலங்காரம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் கும்பிடப் போகிறானே. ஐயா செத்து ஆறு நாளில், தெரியாமல், கைகூப்பப் போகிறானே.

"தம்பி, உள்ளுக்குப் போகாதை."

"ஏன்?"

என் கை தாடைக்குப் போனது. அவன் என் தாடியைப் பார்த்தான். கையில் சப்பாத்தோடு அப்படியே இருந்தான்.

"ஆர்?"

"ஐயா."

எப்போது என்று கேட்டான். சொன்னேன். யார் சொன்னது, ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். அவன் அழவில்லை. கழற்றிய சப்பாத்தைத் திரும்பப் போட்டு, நாடாவை மெதுவாகக் கட்டினான்.

"சாமி இல்லாத கோயிலுக்குத் துடக்குப் பாக்கிறீங்கள். எனக்கு மட்டும் பொய் சொல்லலாமோ?"

ஆசிரியை வெளியே வந்து, கோயில் பிடிக்கவில்லையா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆம் என்றா இல்லை என்றா அவருக்குத் தெரிந்திருக்காது.

அதன்பிறகு இரண்டு நாளும் அவன் என்னோடு பேசவில்லை. துடக்குக்காகத்தான் வாய் திறந்தேனா, தனியாகச் சுமக்க முடியாமல் அந்தப் படியில் இறக்கிவைத்தேனா என்று அந்த இரவுகளில் யோசித்தேன். இன்றும் எனக்குத் தெளிவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணைக் கந்தோருக்கு வெளியே, ட்ராம் நிற்குமிடத்தில் காத்திருந்தேன். நாலு மணித்தியாலம் கழித்து அவன் வந்தான்.

"திரும்பிப் போறன் எண்டு சொன்னியோ?"

"அதை அவங்கள் கேக்கேல்லை."

"பிறகென்ன கேட்டவங்கள்?"

"வீட்டில ஆர் இருக்கினம் எண்டு கேட்டாங்கள்." ட்ராம் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா மட்டும் எண்டு சொன்னன்."