கரைமேல் நடந்த மருமகள்

கணக்கு வாய்ப்பாட்டுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. நான்காம் வகுப்பில், ‘சொன்னவர்’ என்று தலைப்பெழுதிய ஒரு கட்டத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் ரோட்டை ஒட்டியது எங்கள் ஊர். ஊருக்கு ஒரு குளம், குளத்துக்கு ஒரு கதை. வருஷா வருஷம் கரை உடையுமாம். அண்ணன் தம்பி ஏழு பேர் கட்டக் கட்ட நிற்கவில்லையாம். “நாளைக்கு முதலில் சோற்றுக்கூடையோடு வருகிறவளைக் கொடு” என்று மண்ணுக்குள்ளிருந்து குரல் கேட்டதாம். வந்தவள் கடைசி மருமகள். விஷயத்தைக் கேட்டாள், கூடையை இறக்கி வைத்தாள், தானாகவே குழிக்குள் இறங்கினாள். கரை நின்றது.

அந்த ஏழு பேரும் எங்கள் வீட்டு முன்னோர் என்பது அப்பாருவின் கட்சி. அப்பாரு என்றால் அப்பாவைப் பெற்ற தாத்தா. அந்த மருமகளை அம்மனாகக் கும்பிடும் கரைக் கல்லுக்குப் பொங்கலன்று உடைக்கிற முதல் தேங்காய் எங்கள் வீட்டுத் தேங்காய். அந்தத் தேங்காயின் மேல்தான் அப்பாருவின் மீசையே நின்றது என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த வருஷம் வெளியூரிலிருந்து ஓர் இளம் வாத்தியார் வந்திருந்தார். குளத்துக் கதையை வீட்டுக்கு வீடு கேட்டு வரச் சொன்னார். “சொன்னது சொன்னபடி வரணும். வாத்தியாருக்குப் பிடிக்குமேன்னு திருத்தக் கூடாது” என்றார். பனியன் கட்டு சுற்றி வருகிற பழுப்புக் காகிதத்தை ஒட்டிச் சேர்த்து, அதில் நான்கு கட்டம் போட்டார். எந்த ஊர்க் கதை, சொன்னவர் யார், மற்றதோடு ஒத்துப்போவது என்ன, மாறுவது என்ன. சனிக்கிழமை கமிட்டிப் பெரியவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்த அப்பாரு அந்தக் கமிட்டியில் முதல் நாற்காலி.

எங்கள் வீட்டில் கதை சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். அப்பாரு சொல்வது ஊர் அறிந்த கதை. மற்றவள் அம்மா. அவள் தாராபுரத்துக்காரி. ‘தாராபுரம்’ என்ற சொல்லே எங்கள் வீட்டில் மூன்று வருஷமாகப் புழங்கவில்லை. தாய்மாமா கல்யாணத்தில் வெற்றிலைத் தட்டை அப்பாருவுக்கு முன்னால் வேறொருவருக்கு நீட்டிவிட்டார்களாம். பந்தலிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இனி இந்த ஊட்டு வாசப்படியை எங்க ஊட்டுச் சனம் மிதிக்காது” என்று சொல்லிவிட்டு வந்தவர் அப்பாரு. நாலு பேர் முன்னால் சொன்ன சொல் கல்லில் அடித்த ஆணி. அப்பா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அம்மா கேட்கவும் வழியில்லை. மாமனார் முன்னால் மருமகள் வந்து நின்று பேசுகிற வழக்கம் அப்போது கிடையாது. கதவுக்குப் பின்னாலிருந்து “ஆமாங்க”, “இல்லீங்க”, அவ்வளவுதான்.

அந்த வாரச் சந்தைக்குத் தாராபுரத்திலிருந்து வந்த புளி வியாபாரி ஒருவர், வீட்டின் பின்பக்கம் வந்து சேதி சொல்லிப் போயிருந்தார். “உங்கய்யனுக்குக் கஞ்சித் தண்ணியும் எறங்கலீங்க. கண்ணை மூடறதுக்குள்ள மகளைப் பார்க்கோணும்னு கெடக்கறாருங்க.” அம்மா அழவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று சாயங்காலம், தைத்து வந்த பனியன்களில் நானும் அம்மாவும் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தோம். ஓரத்தில் தொங்குகிற நூலைக் கத்தரிக்கிற வேலை. கதை வேண்டும் என்றேன்.

“உங்கப்பாருகிட்டக் கேளு.”

“அதைத்தான் எல்லாப் பிள்ளையும் கொண்டு வருதே. வேற கதை வேணும்.”

அம்மாவின் கத்திரி நின்றது. “எழுதி எங்க ஒட்டுவாங்க?”

“செவுத்துல.”

“பெரியவங்க வந்து படிப்பாங்களா?”

“அப்பாருவே வர்றாங்களே!”

ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அம்மா சொன்னாள். அவள் கதையில் மருமகள் குழியில் இறங்கவில்லை. கூடையை இறக்கி வைத்தாள், கரைமேலேயே நடந்தாள், அக்கட்டாலே, அந்தப் பக்கத்தில், இருந்த பெற்ற ஆத்தா வீட்டுக்குப் போனாள். மறுநாள் திரும்பி வந்தாள். பிறகு போனாள், பிறகு வந்தாள். “அவ போக வர மிதிச்சு மிதிச்சுத்தான் கண்ணு மண்ணு கெட்டியாச்சு. கரை அப்படித்தான் நின்னுது.” அடுத்த பனியனை எடுத்தபடி, “நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத சாமி” என்றாள்.

மறுநாள் வகுப்பில் கதைகள் வந்து குவிந்தன. அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர் மகன் கதையில், மருமகள் தனக்குப் பதிலாகச் சோற்றுப் பாத்திரமான போசியைக் குழிக்குள் போட்டாள். மழை பெய்தால் அந்தப் பித்தளைப் போசி இன்றைக்கும் ‘ணங்’ என்று சத்தம் போடுமாம். மில்லுக்குப் பிழைக்க வந்த மதுரைப் பக்கத்துப் பெண்ணின் கதையில், மருமகள் சாபமிட்டு ஊரையே எரித்துவிட்டாள். எல்லாவற்றையும் வாத்தியார் எழுதினார். என் கதையைக் கேட்டதும் பேனா ஒரு கணம் நின்றது.

“இது புதுசா இருக்கே! சொன்னது யாரு?”

அம்மா முகம் கண் முன்னால் வந்தது. வாய் தானாகத் திறந்தது. “எங்கப்பாருங்க.”

வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. கொட்டை எழுத்தில், இன்னார் என்று அப்பாருவின் பெயரையே எழுதினார்.

சனிக்கிழமை அப்பாருவே அதைப் படிப்பார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை மணியடித்த பிறகு பிசிர்க் கத்திரியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போனேன், அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டிவிடலாம் என்று. பலகைமேல் ஏறி நின்று கத்திரியை விரிக்கும்போது வாத்தியார் வந்துவிட்டார். “ஓரம் பிசிரா இருக்குதுங்க சார்” என்றேன். “கெட்டிக்காரி, நானே வெட்டிக்கிறேன்” என்று கத்திரியை வாங்கி ஓரத்தை அழகாக வெட்டினார். கட்டம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். சனிக்கிழமை என் பொய் கால் முளைத்து, மீசை வைத்து, துண்டு போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தது.

அப்பாரு காகிதத்தை இடமிருந்து வலமாக, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். அவருக்கு முந்திக்கொண்டு கடைசிக் கட்டத்தைப் படித்துவிட்டார் மேற்கு வீட்டுப் பெரியவர். பொங்கலன்று இரண்டாம் தேங்காய் அவருடையது.

“ஏனுங் மச்சான், உங்க ஊட்டு அம்மன் குழிக்குள்ள எறங்கவே இல்லீங்களாமா? பொடிநடையா ஆத்தா ஊட்டுக்குப் போயிட்டாளாமா? நீங்களே சொன்னதா எழுதியிருக்குதுங்களே! அப்ப மொதத் தேங்கா யாருக்குங்க?”

வகுப்பே சிரித்தது. அப்பாரு சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி வாத்தியாரைக் கேட்டார். “ஏனுங் வாத்தியாரே, ஒரு கதைக்கு நாலு கதை. இதுல எதுங்க நெசம்?”

வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டார். புது வேலை அவருக்கு. “நெசம் எதுன்னு பார்க்கலீங்க. எந்த இடத்துல மாறுதுன்னு பார்க்கிறோமுங்க. பாத்திரக்காரர் வீட்டுக் கதையில போசி வருது பாருங்க. மாறுற இடத்துல, சொல்றவங்க மனசு தெரியுமுங்க.”

அப்பாரு திரும்பவும் காகிதத்தின் பக்கம் போனார். ‘மாறுவது’ என்ற கட்டத்தில் விரலை வைத்தார். ‘ஆத்தா வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தாள்.’ விரல் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல ‘சொன்னவர்’ கட்டத்துக்கு வந்து, தன் பெயர் மேல் நின்றது. அதன்பின் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் பாவாடையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பொய் உடைந்தால் அடி எனக்கு விழாது, அம்மாவுக்கு விழும் என்பது அந்த வயதிலும் எனக்குத் தெரியும்.

“ஆமாங்க. நாந்தான் சொன்னேன்” என்றார் அப்பாரு. மேற்கு வீட்டுக்காரரைப் பார்த்து, “தேங்காயை வேணுமுன்னா நீங்களே மொத ஒடைச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

வீட்டில் இன்னும் பெரிய பயம் காத்திருந்தது. அப்பாரு நாற்காலியில் உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் அம்மாவின் வளையல் அசைந்தது. நான் துணி உருளைகளுக்கு நடுவில் ஒண்டிக்கொண்டேன்.

“ஏம்மா, புள்ளைக்கு நான் ஒரு கதை சொன்னனல்லோ. அதுல அவ திரும்பி வந்தாளா?”

பக்கத்துக் கொட்டகையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

“வந்தாளுங்க மாமா. போனதும் வந்ததும் சேர்ந்துதானுங்க கரை.”

அப்பாரு மீசையைத் தடவவில்லை, கனைக்கவில்லை. “காத்தால மொதப் பஸ்ஸுக்குப் பொறப்படு. புள்ளையையும் கூட்டிக்கோ” என்றார். எழுந்தபடி, “வெறுங்கையோட போகப்படாது. பழம் வாங்கிக்கோ” என்றும் சொன்னார்.

நாங்கள் போன பிறகு அப்புச்சி, அம்மாவின் அப்பா, பதினொரு நாள் உயிரோடு இருந்தார். பதினொரு நாளும் அவருக்குக் கஞ்சி ஊட்டியது அம்மாதான்.

ஆனால் எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது அந்தக் காலைப் பஸ்தான். குளத்தைத் தாண்டியதும் அம்மாவின் காதில் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “அம்மா, அப்பாருவுக்கு வயசாயிருச்சு. சொல்லாத கதையைத் தான் சொன்னதா நெனச்சுட்டாங்க. நல்ல மறதி!”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஆமா கண்ணு. பெரியவங்களுக்கு அப்பப்ப இப்படி ஒரு மறதி வரோணும்” என்றாள்.

அவள் தோள் குலுங்கியது. அவளும் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வாத்தியாரை, அப்பாருவை, பெயர் கொடுத்தது நான்தான் என்று தெரியாத அம்மாவைக்கூட, மூன்று பெரியவர்களை ஒரே பொய்யில் ஏமாற்றிய கெட்டிக்காரி நான் என்று, தாராபுரம் வருகிறவரைக்கும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனேன்.