வகுப்பில் எனக்குக் கிடைத்த வேஷம்

வீட்டில் இருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் அன்றைக்கென்று பார்த்து வகுப்பு வைப்பார்கள். நர்ஸ்களின் தலையெழுத்து அது. பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் இத்தனை மணி நேரம் படித்தேன் என்று காட்டியாக வேண்டும். காலையில் ஒரு கையெழுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு கையெழுத்து. யாரும் பிரியாணியை முடித்துவிட்டு நழுவிவிடக் கூடாதே! நைட் டியூட்டி முடிந்து நேரே வந்தவர்கள் பின்வரிசையில் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்குவார்கள். நானும் தூங்கியிருக்கிறேன். குறட்டை விட்டேன் என்று சிலர் சொல்வது மட்டும் பொய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பு நடந்த ஹாலுக்கு இரண்டு மாடி மேலே, ஐசியூவில் அப்பா கிடந்தார். சாலை என்கிற கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். எழுபது தாண்டிய பிறகும் வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்று தினமும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் அங்கேயே சரிந்து விழுந்தார். பக்கவாதம். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். அன்றிலிருந்து வென்டிலேட்டர்தான்.

அப்பா அப்படிக் கிடக்கும்போது உனக்கு வகுப்பு ஒரு கேடா என்று என் சித்தியே கேட்டாள். ஐசியூவுக்குள் சாயங்காலம்தான் விடுவார்கள். அதுவரை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கதவையே முறைத்துக்கொண்டிருப்பதற்கு, குறைகிற மணி நேரத்தையாவது முடிப்போம் என்று போனேன்.

நோயாளிக்குத் துணையாக வருபவரை இந்த மலையாள ஊரில் பைஸ்டாண்டர் என்பார்கள். வராந்தாவில் நின்று “பைஸ்டாண்டர் எங்கே?” என்று வருஷக்கணக்காகக் கத்தியவள் நான். இப்போது நானே பைஸ்டாண்டர். ஆனால் நர்ஸ் ஒருத்தி பைஸ்டாண்டராக வந்தால் அவளிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். சிஸ்டருக்குத் தெரியாததா என்று டாக்டர் ஸ்கேனைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். தோழிகள் சோடியம் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று எண்களைச் சொல்லித் தோளைத் தட்டுவார்கள். பெங்களூரில் இருக்கும் தம்பி தினமும் போன் செய்து, நான் கிளம்பி வரட்டுமா என்று கேட்பான். அவனிடம் நானும் அதே எண்களை ஒப்பிப்பேன். இன்னைக்குப் பரவாயில்லை, பார்க்கலாம் என்பேன். அவனை வா என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாக நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். சொல்லாமல் இருந்து அப்பா போய்விட்டால் காலம் முழுக்க அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? இரண்டு பயத்துக்கும் நடுவில் கிடந்து தவித்தேன்.

அன்றைய வகுப்பு, நோயாளியின் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்பது. நடத்திய டீச்சர் நல்ல மனுஷி. ஆனால் ஸ்லைடில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். மதியம் நடிக்கச் சொன்னார். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி பைஸ்டாண்டர். நாகர்கோவில், தென்காசிப் பக்கமிருந்து நிறைய நோயாளிகள் வருகிறார்களே, ஒரு ஜோடி தமிழில் செய்யட்டும் என்றார். ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது. வீட்டில் தமிழ் பேசுகிறவள் அங்கே நான் ஒருத்திதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை நர்ஸாக நிற்கச் சொன்னார். அவள் மலையாளி, இதுதான் முதல் வேலை. அந்த வாரம் முழுக்கப் பகல் டியூட்டியில் அப்பாவைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். இது டீச்சருக்குத் தெரியாது.

யாருக்கு என்ன வேஷம் என்று எழுதி டீச்சர் நீட்டிய சீட்டை வாங்கிப் படித்தேன். வயதானவர், பக்கவாதம், வென்டிலேட்டர். கேட்பது மகள்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. வேறு சீட்டு கேட்கலாம் சேச்சி என்று மலையாளத்தில் கிசுகிசுத்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தப் பிடிவாதம். வேண்டாம், நட என்று எழுந்து போய் நின்றுவிட்டேன்.

“எங்க அப்பாவுக்கு எப்படி இருக்கு சிஸ்டர்?” என்று கேட்டேன்.

மலையாளத்திலோ இங்கிலீஷிலோ என்றால் எங்கள் எல்லோரையும் போல அவளும் வழவழவென்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். அவளுக்குத் தெரிந்ததோ சினிமா பார்த்துப் பழகிய கொஞ்சம் தமிழ். மூடி மறைத்துப் பேச அதில் வார்த்தை போதவில்லை.

என்னை உட்காரச் சொல்லி, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சேச்சி, அப்பா இனி கண் திறக்க மாட்டார். மெஷின்தான் மூச்சு விடுது. வலி இல்லை. நான் தினமும் பார்க்கிறேன், வலி இல்லை, கேட்டோ. தூரத்துல இருக்கிறவங்களை வரச் சொல்லணும்.”

நான் அழுதேன். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன். ஹால் கை தட்டியது. என்ன ஒரு ஆக்டிங் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். கோபம் வரவில்லை, பாவம், பாதிப் பேர் வேறு ஆஸ்பத்திரிக்காரர்கள், அவர்களுக்கு என்ன தெரியும்!

டீச்சர் அந்தப் பெண்ணின் குறைகளை எடுத்துச் சொன்னார். தன் பெயரைச் சொல்லவில்லை, மெல்ல ஆரம்பிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, பிழைக்க மாட்டார் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நர்ஸ் சொல்லக் கூடாது. சட்டப்படி டீச்சர் சொன்னது சரிதான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கடைசியில் டீச்சர் என் பக்கம் திரும்பி, பைஸ்டாண்டராக இருந்து எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டார்.

“டீச்சர், எங்க அப்பா மேலே ஐசியூவிலதான் கிடக்காரு. இத்தனை நாள்ல என்கிட்ட இதைச் சொன்னது இவ ஒருத்திதான்,” என்றேன்.

டீச்சர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். அந்தப் பெண் ஓவென்று அழுதுவிட்டாள். அவளை நான்தான் தேற்ற வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துவிட்டு, நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இரண்டாவது கையெழுத்துக்குக்கூட நிற்காமல் வெளியே வந்து தம்பிக்குப் போன் செய்தேன். எடுத்ததும், இன்னைக்கு பிரஷர் எவ்வளவுக்கா என்றான்.

“அதை விடு மக்கா. அப்பா இனி எழும்ப மாட்டாரு. நீ வந்து பாரு.”

இப்பவே பஸ் ஏறுகிறேன் என்றான்.

மறுநாள் காலையில் பையைத் தோளில் போட்டபடியே ஐசியூ வாசலில் வந்து நின்றான். அந்தப் பெண்தான் டியூட்டியில் இருந்தாள். பார்வை நேரம் ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தாள். தம்பி அப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். கை அப்போதும் சூடாகத்தான் இருந்தது.