சலாம் சொல்லி விலகியவன்

அந்த யோசனை எனக்கு வந்தபோது நான் கடற்கரை மைதானத்தில் குப்புறக் கிடந்தேன். வாயெல்லாம் மண். சம்மாந்துறைப் பக்கமிருந்து வந்த பள்ளிக்கூட அணி பந்தை ஆளுக்காள் கொடுத்து ஆடுவதில்லை; காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஓடும். அதிலும் ஓர் ஒல்லிப் பொடியன், வயலில் மாடு கலைத்துப் பழகிய கால்காரன், தடுத்தாட நின்ற என்னை மறுபடியும் தாண்டிவிட்டான். எங்களைப் பழக்கிய மாமா, உம்மாவின் தம்பி, கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார்.

"இன்னொருக்கா உன்னத் தாண்டினா, நாளைக்கு நீ தண்ணி தூக்கிற வேலைதான்டா!"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கடற்பக்க மூலையில் எங்கள் ஆள் ஒருவருமில்லை, வெறும் மணல். நேரே போனால் கோல். அவனோ சட்டென்று உள்ளே வெட்டித் திரும்பிப் பந்தைத் தவறவிட்டான். முதலும் அதே இடத்தில்தான் திரும்பியிருந்தான்.

அப்படியென்றால் அவனைத் துரத்துவானேன்? மூலையைத் திறந்துவிட்டு, தடுத்தாடுகிற எல்லோரும் உள்பக்கம் நெருங்கி நின்றோம். வந்தான். மூலையை அண்மித்ததும் ஏதோ முணுமுணுத்தான்; சலாம் போலக் கேட்டது. வெட்டித் திரும்பி நேரே எங்கள் கால்களுக்குள் விழுந்தான். பிறகு வந்த போதெல்லாம் அதே கதைதான்.

"ஆ, மண்டைக்குள்ள சரக்கிரிக்கு!" என்றார் மாமா.

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறினோம். அதே திட்டம், ஆனால் மைதானத்தின் மறுகோடி மூலையில். இம்முறை அவன் திரும்பவேயில்லை. திறந்து கிடந்த மூலையால் ஓடிக் கோல் போட்டான். எங்களுக்கும் ஒரு கோல் இருந்ததால் ஆட்டம் சமன். மறுநாள் அதே மைதானத்தில் மீண்டும் ஆடவேண்டும்.

கிணற்றடியில் கால் கழுவும்போது அவனைப் பிடித்தேன்.

"என்னடா, ஓடக்குள்ள எனக்குச் சலாம் சொல்றாய்? பகிடியா?"

"உனக்கில்லடா. மூலைல நின்டாரே உங்கட மூத்த காக்கா, அவருக்கு. பெரிய மனிசன நிப்பாட்டி வெச்சி என்ன கள்ள ஆட்டம்டா இது? ஆளும் அசையிறாரில்ல, சலாத்துக்குப் பதிலும் சொல்றாரில்ல."

அவன் முகத்தில் உண்மையான கோபம் இருந்தது.

மாமாவுக்கு இதைப் பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உடுப்பு நனைஞ்சிரிந்திச்சாமா?"

நான் அதைக் கேட்கவில்லையே. மாமா பந்துப் பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "நாளைக்கு அந்த மூலைக்கு ஒருத்தனும் போகப்படா" என்றார்.

புயலடித்த வருஷம் கரையொதுங்கிய ஊர்பேர் தெரியாத மையித்துகளை மாமாவும் கூட்டாளிமாரும்தான் அடக்கினார்கள் என்பது எனக்குத் தெரியும். அடக்குமிடமான மையவாடிக்குப் போகும் பாதை அன்று வெள்ளத்தில் கிடந்ததாம்; பிறகு எங்கே அடக்கினார்கள் என்பதை வீட்டில் யாரும் கதைத்ததில்லை.

என் கவலை வேறு. அவனைத் திருப்பியது என் திட்டமில்லை, வேறு யாரோ என்றால், அணியில் எனக்கென்ன இடம்? மாமா என்ன சொன்னாலும், நாளைக்கு விசில் ஊதியதும் அந்த மூலையில் நானே போய் நிற்பதென்று முடிவெடுத்தேன். கொஞ்சம் தள்ளி நின்றால் இரண்டு பேருக்கும் இடம் காணும்.