கோல்ப் மட்டையும் இரண்டு தசமியும்

எங்கள் சித்தப்பா கோல்ப் ஆடுகிறார் என்று சொன்னால் அந்த நாள் ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. அது ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டு, "எத்தனை நாளா இருக்கு?" என்று அக்கறையாக விசாரித்த மாமிகள் உண்டு. அம்மா அதற்குச் சிரிக்கமாட்டாள். அவளைப் பொறுத்தவரை கோல்ப் வியாதி இல்லை, மருந்து.

சித்தப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் இயந்திரங்களுக்குப் படம் வரைகிற வேலையில் இருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் சித்தி விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு சித்தப்பா பேச்சையே விட்டுவிட்டார். அழவும் இல்லை, யாரையும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். சாத்தமுதில், அதாவது ரசத்தில், உப்பே போடாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவார். அப்போது எனக்கு ஏழு வயது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனிதர் இப்படி இல்லாமல் போகமுடியும் என்பது எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பாவின் மேலதிகாரியான துரைக்கு கோல்பில் ஜோடியாக ஆட ஆள் கிடைக்கவில்லை. போகிற போக்கில் சித்தப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு இலையில் உட்கார்ந்ததும் சித்தப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "மன்னி, இன்னிக்கு ஒரு பந்து நேராப் போச்சு" என்றார். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் கோல்புக்கு ராஜோபசாரம். துரை தன் பழைய மட்டைகளைச் சித்தப்பாவுக்கே கொடுத்துவிட்டார். பிடியில் தோல் சுற்றியிருந்தது. அப்பா வாசலிலேயே மறித்தார். "தோல் சாமான் ஆத்துக்குள்ள வரப்படாது." சித்தப்பா தோலை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, பட்டறையிலிருந்து நூல் நாடா வாங்கிவந்து ஒவ்வொரு மட்டைக்கும் அழகாகச் சுற்றிக்கொண்டார். கொள்ளிடத்தில் தண்ணீர் வராத மாதங்களில் மணலில் இறங்கிப் பழகுவார். நானும் போவேன். குறைந்த அடியில் குழிக்குள் பந்தைப் போடுகிறவனுக்குத்தான் ஜெயம் என்று அங்கேதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கே அவர் நிறையப் பேசுவார். பந்திடம் கூடப் பேசுவார்.

அந்த வருஷம் தென்னிந்திய கோல்ப் போட்டி பொன்மலையில் நடப்பதாக ஏற்பாடாயிற்று. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பது விதி. துரைகளைத் தவிர யாரும் சேரமாட்டார்கள் என்பது வழக்கம். துரை சித்தப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டார். ஆனால் புதிய ஆட்கள் நேரே போட்டிக்குள் போகமுடியாது. முதலில் ஒரு தேர்வு ஆட்டம் உண்டு. ஒரே நாள், பதினெட்டுக் குழி, அதில் முதல் எட்டுப் பேர்தான் உள்ளே. பூஜை லீவில், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு அங்கே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

அந்த ஒரு மாதமும் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இதுல மட்டும் அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா மறுபடியும் வாயை மூடிண்டுடுவார். அப்புறம் யாராலயும் திறக்க முடியாது" என்று அப்பாவிடம் சொன்னாள். அது என் காதில் விழுந்தது.

சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கி வைப்போம். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருடைய கணக்குப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். அம்மா அந்த வருஷம் தன் அன்பை எல்லாம் கூட்டி ஒரு காரியம் செய்தாள். சித்தப்பாவின் மட்டைகளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, புத்தகங்களோடு சாத்தி வைத்தாள். அப்பா பார்த்தார். தோல் இல்லாததால் ஒன்றும் சொல்லவில்லை. பூஜை நன்றாக நடந்தது. கண்ணமுதுப் பாயசத்தை எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் தசமி வந்த பிறகு, மறுபூஜை செய்துதான் எடுக்கவேண்டும். அதுவரை தொடக்கூடாது. வருஷத்தில் ஒரு நாள் படிக்காமல் இருக்கச் சாஸ்திரமே இடம் கொடுக்கிறது என்று நான் ஆசையோடு காத்திருக்கும் நாள் அது. வழக்கமாக விடியற்காலையிலேயே மறுபூஜை முடிந்துவிடும். அந்த நினைப்பில்தான் அம்மா வைத்தாள். சாயங்காலம் அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குக் காலம்பற பத்து மணி வரைக்கும் நவமி இருக்கே" என்றார்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏன்னா, அவர் ஏழு மணிக்கு அங்க இருக்கணுமே!"

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? திதியை நானா உண்டாக்கறேன்?"

துரையிடம் இரவல் வாங்கலாமே என்று அம்மா கேட்டாள். துரையும் அன்று ஆடுகிறார்; ஒரு மட்டைக்கு மேல் தரமுடியாது, ஒன்றை வைத்துக்கொண்டு பதினெட்டுக் குழியும் ஆடமுடியாது. சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "பரவாயில்லை மன்னி" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு வருஷம் பார்த்த அதே தலையாட்டல்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பஞ்சாங்கத்தில் இரண்டு வகை. எங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம்; அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லிவைத்த கணக்கு. இன்னொன்று திருக்கணிதம், வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்ட கணக்கு. சில நாட்களில் இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வந்துவிடும். எங்கள் தெருவில் பூணூல், சீமந்தம், கிருகப்பிரவேசம் எதுவானாலும் அப்பாவிடம்தான் நாள் கேட்க வருவார்கள். அவர் திருக்கணிதத்தைக் கையாலும் தொடமாட்டார். அடுத்த தெருவில் இருந்த சித்தியின் அப்பா திருக்கணிதக்காரர். சித்தப்பா கல்யாணத்தின்போது, அப்பா பார்த்த முகூர்த்தம் தங்கள் கணக்குப்படி நல்ல வேளையில் இல்லை என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தாராம். "எங்காத்துல இதுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். பெண்ணைக் கொடுப்பவர், அடங்கிப் போனார். சித்தி போன பிறகு அவர் எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை. வழியில் பார்த்தாலும் அப்பா குடையைத் தாழ்த்திக்கொள்வார். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஒரு கணக்கு வாத்தியாருக்குத் தப்புக் கணக்குப் போடுகிறவர்களைப் பிடிக்காது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் நான் எழுந்தபோது இன்னும் சரியாக வெளுக்கவில்லை. சித்தப்பா குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, சட்டை நிஜார் போட்டுத் தயாராக இருந்தார். எதற்குத் தயார் என்று அவருக்கே தெரியாது. பூஜைக்கு எதிரே சுவரில் சாய்ந்து, சந்தனம் காய்ந்துபோன மட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் காணோம். காவேரிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்றாள் அம்மா. அவளுக்கு வாசலுக்கும் உள்ளுக்கும் நடை.

ஈர வேஷ்டியோடு அப்பா வந்தார். கையில் மஞ்சள் அட்டை போட்ட மெல்லிய புத்தகம்.

"எங்க போயிட்டேள்?" என்றாள் அம்மா.

"சம்பந்தி ஆத்துக்கு."

அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். அப்பா யாரையும் பார்க்காமல், "இவா கணக்குல தசமி விடியறதுக்கு முன்னாடியே வந்துடுத்து. வாடா, மறுபூஜை பண்ணிடலாம்" என்றார்.

சித்தப்பா எழுந்தார். "அண்ணா, நம்மாத்துல இது..."

"நாழியாறது. பேசாதே."

பேசாதே என்று அவரிடம் போய்ச் சொல்கிறாரே என்று எனக்குப் பதறியது. அப்பா கற்பூரம் காட்டினார். வழக்கமாக வீடு அதிரச் சொல்லும் சுலோகத்தை அன்று பாதியில் இரண்டு தடவை விட்டுவிட்டுப் பிடித்தார். மட்டைகளை எடுத்துச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார். சித்தப்பா அவற்றைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் காலில் விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிறதே என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து, "வாடி, நாமளும் போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றார் அப்பா. விளையாட்டு என்பதே நேரத்தைத் தொலைக்கிற வழி என்று பள்ளிக்கூடத்தில் பிரசங்கம் செய்கிறவர்!

மைதானத்துக்குள் போக அப்பாவுக்கு மனமில்லை. சாலையோர வேப்பமரத்தடியில் குடையோடு நின்றோம். அங்கிருந்து கடைசிக் குழி மட்டும்தான் தெரியும். புல் கிடையாது, எண்ணெய் கலந்த மணலைத் தேய்த்து வட்டமாகச் சமன் செய்திருப்பார்கள், நடுவில் குழி. பட்டறை ஃபிட்டர் ஒரு பாய் எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். சித்தப்பா ஆடுவதைப் பார்க்க வந்தவராம். மைதானத்துப் பையன்களிடம் சேதி கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னார்.

முதலில் ஒரு துரை வந்து அந்தக் குழியை நாலு அடியில் முடித்தார். பின்னால் வந்தவருக்கு ஏழு ஆயிற்று. "பார்த்தியா, இவன் கெட்டிக்காரன். ஏழு அடிச்சுட்டான்" என்றார் அப்பா. அவரைத் திருத்த எனக்குத் தைரியமில்லை. பாய்தான் பதமாகச் சொன்னார்.

"இல்லீங்க சாமி. இதுல கொறைச்சலா அடிச்சாத்தான் ஜெயிப்பு."

"குறைச்சல் ஜெயமா? இதென்ன கணக்கு!" அப்பாவின் முகம் மாறிவிட்டது. அதுவரை நிம்மதியாக நின்றவருக்கு அந்த நிமிஷத்திலிருந்து கவலை பிடித்துக்கொண்டது.

வெயில் ஏறிற்று. கடைசியாகத் தூரத்தில் சித்தப்பாவின் தலைப்பாகை தெரிந்தது. பாய் ஒரு பையனிடம் விசாரித்துவிட்டு வந்தார். "ஏழு பேரு முடிவாயிட்டாங்க. எட்டாவது எடந்தான் பாக்கி. இந்தக் குழியை நாலுல முடிச்சா அண்ணாச்சி உள்ள. அஞ்சாச்சுன்னா இல்லீங்க."

முதல் அடி நேராக வந்தது. இரண்டாவது அடியில் பந்து கொஞ்சம் விலகி, வட்டத்துக்கு முன்னால் இருந்த மணல் பள்ளத்தில் போய் விழுந்தது. பாய் "யா அல்லாஹ்" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் ரங்கநாதரை ஒருமையில் கூப்பிட்டு, இன்னும் இரண்டே அடிதான் இருக்கிறது, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

சித்தப்பா பள்ளத்தில் இறங்கினார். குனிந்து பந்தைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. கொள்ளிடத்தில் பேசுவாரே, அதே பேச்சு. எனக்கு அங்கேயே பாதி உயிர் திரும்பிவிட்டது. மணல் ஒரு பிடி மேலே எழும்பியது. அதற்குள்ளிருந்து பந்து வந்து வட்டத்தில் விழுந்து, சோம்பலாக உருண்டு, குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த ஒரு முழத்தைக் கடக்கச் சித்தப்பா எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் நூறு வரை எண்ணிவிட்டேன். மெல்லத் தட்டினார். பந்து உள்ளே போனது.

பாய் துண்டைச் சுழற்றினார். "முடிஞ்சுதா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

அந்தப் பெரிய போட்டியில் சித்தப்பா முதல் நாளே பின்தங்கி வெளியே வந்துவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. எப்படிப் பின்தங்கினார் என்று அவரே ஒரு வாரம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா தேர்வாகி வீடு திரும்பிய அந்த மத்தியானம் நாங்கள் மூவரும் ஒரே குதிரைவண்டியில் வந்தோம். மட்டைகள் குறுக்கே கிடந்தன. காவேரிப் பாலத்தில் வண்டி ஏறும்போது சித்தப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, கல்யாணத்துக்கு நீங்க பார்த்த நாள்ல ஒரு தப்பும் இல்லேண்ணா. அவளுக்கு வந்தது காய்ச்சல். நான் ஒரு நாளும் உங்களை அப்படி நினைச்சதே இல்லை."

அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேல்வேஷ்டியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய ஜெயத்தைப் பற்றிப் பேசாமல் இவர் எதற்கு என்றோ நடந்த கல்யாணத்தைப் பேசுகிறார்? ஜெயித்த வீட்டுக்காரர் எதற்கு அழுகிறார்?

அன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கமும் இருந்தன. இனிமேல் பண்டிகை எல்லாம் இரண்டு தடவை வரும் என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த மஞ்சள் புத்தகம் தசமிக்குச் சரி என்றால் அந்தக் கல்யாண முகூர்த்தத்துக்கும் அதுவே சரி என்று ஆகிவிடும். அது தெரிந்துதான் அப்பா விடியற்காலையில் ஈர வேஷ்டியோடு போய், பெண்ணைப் பறிகொடுத்தவரின் கதவைத் தட்டினார். எனக்கு அது தெரியாது. அடுத்த தெருவுக்குப் போய்வர அப்பாவுக்கு ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்றுதான் அன்று நினைத்தேன்.