வெடிக்கு மூழ்கும் பறவை

முக்குளிப்பானைப் பார்க்கப் போவதை வீட்டில் நடைப்பயிற்சி என்றுதான் சொல்லி வந்தேன். பட்டாசுக் கம்பெனியில் கெமிஸ்ட் வேலை முடிந்து ஓய்வுபெற்ற பிறகு, ஆனைக்குட்டம் போகும் வழியில் இருக்கும் ஒரு கண்மாய்க் கரையில்தான் என் காலைகள் கழிந்தன.

புறாவைவிடச் சிறிய பறவை. மிதந்துகொண்டே இருக்கும், ஒரு சின்னத் துள்ளல், ஆளைக் காணாது. நான் ஓரிடத்தைப் பார்த்துக் காத்திருந்தால் அது வேறிடத்தில் எழும். அலகில் அயிரை துடிக்கும். மீன் கொஞ்சம் பெரிதாகிவிட்டால் திருப்பித் திருப்பிப் போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும். கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால் தண்ணீருக்குள் துடுப்புப் போலத் தள்ளும். அதனாலேயே கரையில் நடை வராது. இந்த முறை அதன் முதுகில் இரண்டு குஞ்சுகள். தாய் மூழ்கினால் குஞ்சுகள் தக்கை மாதிரி மேலேயே நிற்கும். அது எழுந்ததும் ஏறிக்கொள்ளும்.

ஒருநாள் கண்மாயின் மீன் குத்தகைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீர்க்காகக் கூட்டத்தைக் கையால் காட்டினார்.

"மீன்குஞ்சு விட்டது ஊருக்கு விக்கவா, இதுகளுக்குப் பந்தி வைக்கவா அண்ணாச்சி? எலை போடாத குறைதான்."

"வெடியப் போடுங்க தம்பி. பறந்துரும்."

"அம்புட்டுதானா? படிச்சவுகன்னா சும்மாவா!"

நாயோ குரங்கோ பன்றியோ, எதை விரட்டவும் எங்கள் ஊரில் முதலில் கை போவது வெடிக்குத்தான். பழைய கம்பெனியில் சொல்லி ஒரு பெட்டி நானே வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை எதிர்க்கரையில் அவர் கொளுத்தினார். நீர்க்காகங்கள் மொத்தமாக எழும்பிச் சாத்தூர்ப் பக்கம் போயின. முக்குளிப்பான் பறக்கவில்லை. மூழ்கியது.

பயந்தால் அது மூழ்கும். நான் இருமினாலே மூழ்குவதைப் பார்த்திருக்கிறேன். வெடி வாங்கிக் கொடுத்தபோது அது என் நினைவிலேயே இல்லை. கண்மாய்க்குள் வலை கட்டியிருந்ததற்கு அடையாளமாக மிதவைகள் வரிசையாகத் தெரிந்தன.

அது எழுந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த வெடி. எழும் இடம் ஒவ்வொரு தடவையும் வலைக்குக் கிட்டத்தில் வந்தது. துண்டை வீசிக் கத்தினேன். பாராட்டுகிறேன் என்று நினைத்து அவரும் கையசைத்தார். போன் போட்டேன். வெடிச் சத்தத்தில் மணி அவருக்குக் கேட்டிருக்காது. இன்னொரு வெடி. பறவை உள்ளே போனது. தண்ணீர் ஆடி அடங்கியது. மிதவை ஒன்று மட்டும் இரண்டு தரம் அமிழ்ந்து எழுந்தது.

அப்போதுதான் அவர் போனை எடுத்தார்.

"பாத்தீகளா அண்ணாச்சி, ஒண்ணுகூட இல்ல! இன்னும் ரெண்டு பெட்டி சொல்லிவைங்க."

"தம்பி, வலையத் தூக்குங்க. முக்குளிப்பான் மாட்டிக்கிருச்சு."

"டயர் டியூப்ல மிதந்து போயி வலை எடுக்குற ஆளு சாப்பிடப் போயிருக்கான். வந்ததும் பாக்கச் சொல்றேன்." சிரித்தார். "அது தண்ணிக்குள்ளயே கெடக்குற சாதிதான, அதுக்கு என்ன ஆயிரும்?"

எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருந்தாலும் இந்த வயதில் அந்த ஆழத்துக்குப் போயிருக்க முடியாது. கரையிலேயே நின்றேன். குஞ்சுகள் கத்திக்கொண்டே மிதவைகளிடம் நீந்திப் போயின. ஒன்று மிதவையின் மேல் ஏறப் பார்த்தது. வழுக்கி விழுந்தது. மறுபடியும் ஏறப் பார்த்தது.